நிஜமான அறுவை!

ஆபீஸில் ஒருவரைக் காட்டி 'சரியான ரம்பம்ப்பா' என்றால் அர்த்தம் உங்களுக்கே தெரியும். மெடிக்கல் லீவில் இருந்த மூன்று நாளை மூன்று வாரம் சொல்பவர். நான் சொல்லப்போவது அவரைப் பற்றி அல்ல. பெட்ரோல் குடித்துவிட்டு 'டுர்ர்ர்' என்று தெருவையே கூட்டும் நிஜ ரம்பம். செயின் சா!

'ஃபைல் தூக்கும் உமக்கு மரம் அறுக்கிற மிஷினோடு என்னய்யா சகவாசம்?' என்பீர்கள். எல்லாம் என் தாய்மாமாவால் வந்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் பலா, கொஞ்சம் முந்திரி. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியது. பொங்கலுக்கு நான் போய் இறங்கியபோது, தோப்பு இருந்த இடத்தில் வெறும் வானம்தான் இருந்தது. தாத்தா நட்ட பலா மரங்கள் வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து படுத்திருந்தன. அறுத்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஊர் பூராவும் மரம் சாய்ந்தால் ஒரு மிஷின்காரர் எத்தனை தோப்புக்குத்தான் போவார்?

"நாமளே ஒண்ணு வாங்கிடுவோம் மாப்ள" என்றார் மாமா.

கடைக்காரர் எடுத்து வைத்தது 22 அங்குலம் பார் போட்ட ராட்சசன். ('பார்' என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. இது செயின் ஓடுகிற இரும்புப் பட்டை ஸார்!) மாமாவுக்குக் கண்டதும் காதல். நல்லவேளை, உள்ளூர் மிஷின்காரர் ஒருவர் கூடவே வந்திருந்தார். "ஐயா, இத்த அரை மணி நேரம் கையில வெச்சிருந்து பாருங்க. அப்புறம் காசு குடுக்கலாம்" என்றார். மாமா ஐந்தாவது நிமிஷமே கீழே வைத்துவிட்டார்.

பார் நீளத்தைப் பார்த்து மிஷின் வாங்குவது, மீசையைப் பார்த்து மாப்பிள்ளை எடுப்பது போல. கிளை கழிக்க, முந்திரி அறுக்க 14 முதல் 16 அங்குலமும், 35 முதல் 40 சி.சி. இன்ஜினும் தாராளம். பருத்த அடிமரத்துக்கு 18 அல்லது 20 அங்குலம், 50 சி.சி. பக்கம் வேண்டும். சின்ன இன்ஜினில் நீள பாரை மாட்டினால், சைக்கிள் கேரியரில் சிமென்ட் மூட்டை ஏற்றின கதைதான். மேலே கைப்பிடி வைத்த குட்டி மிஷின் பார்க்க அழகு. ஆனால் அது கயிறு கட்டிக்கொண்டு மரம் ஏறுகிற தொழில்காரருக்கு, நமக்கு வேண்டாம். மரத்தில் உருவம் செதுக்குகிறவர்களுக்கு நுனி சிறுத்த பார் தனியாக உண்டு. இப்போது பேட்டரியில் ஓடுவதும் வந்துவிட்டது. வீட்டுத் தோட்டத்துக் கிளைகளுக்கு அது போதும்.

எதை வாங்கினாலும் இரண்டு கேள்வி. ஸ்பேர் உள்ளூரில் கிடைக்குமா? முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் செயின் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா? மாமா 18 அங்குலத்தில் முடித்தார்.

இந்த ரம்பத்தின் பூர்வோத்திரம் வேடிக்கையானது. சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து டாக்டர்களுடையது. அவர்கள் அறுத்தது மரத்தை இல்லை, எலும்பை! (இனி டாக்டரிடம் போனால் பில்லைப் பற்றி மட்டும் பயப்படுங்கள்.) ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் கரன்ட்டில் ஓடும் ரம்பமும், 1929-ல் பெட்ரோல் ரம்பமும் செய்தார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், 1946-ல் ஒரு வண்டுப் புழு கட்டையை இடமும் வலமுமாகக் குடைந்துகொண்டு போவதை உட்கார்ந்து பார்த்தார். அதன் தாடையைப் போலவே செயினுக்குப் பல் வைத்தார். இன்றைய செயின்கள் எல்லாம் அந்தப் புழுவின் வாரிசுகள். நம் ஆபீஸில் புழுவை உட்கார்ந்து பார்த்தால் மெமோதான் கிடைக்கும்!

சரி, வாங்கியாச்சு. இனி குடித்தனம் நடத்துவது எப்படி? "இதுக்கு மூணு வேளை சோறு சார்... பெட்ரோல், ஆயிலு, அரம்" என்றார் மிஷின்காரர்.

பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்க வேண்டும். மிஷினோடு வரும் புத்தகத்தில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மாமா வீட்டில் இதற்கு அளவு, குழந்தையின் காய்ச்சல் மருந்து மூடி. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சீசனில் கயிறை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும்.

செயினுக்கு ஆயில் தனி டேங்க். காய்ந்த கட்டைக்கு நேராக நுனியைக் காட்டி ரேஸ் செய்தால், கட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லையா, நிறுத்திவிட்டு என்னவென்று பாருங்கள். வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவது சிக்கனமே அல்ல. அதில் இரும்புத் தூள் இருக்கும். பலாப்பால் செயினில் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். ஏர் ஃபில்டரை அன்றன்றைக்குத் தட்டிவிட வேண்டும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

அப்புறம் டென்ஷன்! ஆபீஸ் டென்ஷன் இல்லை, செயின் டென்ஷன். இன்ஜினை நிறுத்திவிட்டுச் செயினை விரலால் இழுத்தால் லேசாக எழும்பி, விட்டதும் 'டக்'கென்று உட்கார வேண்டும். அடியில் தொங்கக் கூடாது. சூட்டில் இறுக்கின செயினைச் சாயங்காலம் தளர்த்திவிட வேண்டும், ஆறினால் சுருங்கிவிடும். நம்மையும் இப்படி ஆறு மணிக்குத் தளர்த்திவிட ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மூன்றாவது சோறு, அரம். மிஷின்காரர் பாஷையில் 'ஃபைல் போடறது'. கூர்மையான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் துப்பும். மழுங்கினது மாவாக அரைக்கும், புகையும், கோணலாகப் போகும். செயினின் அளவைப் பொறுத்து 4 மில்லிமீட்டரிலிருந்து 5.5 வரை உருண்டை அரம் உண்டு. சாய்வு பெரும்பாலும் 30 டிகிரி. உள்ளேயிருந்து வெளியே தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். இடதுபக்கப் பற்களை முடித்துவிட்டு வலதுபக்கம். மண்ணில் ஒரு தடவை பட்டால் போச்சு, முதலிலிருந்து ஃபைல்.

"ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊத்தறப்பவும் இத போடணுமாப்பா?" என்று மாமா சலித்துக்கொண்டார்.

மிஷின்காரர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக் காட்டினார். இடது கன்னத்திலிருந்து காது வரை ஒரு தழும்பு. "மழுங்கின செயினு. அறுக்கலியேன்னு அழுத்தினேன். நுனி இன்னொரு கிளையில பட்டுச்சி. அவ்ளோதான்..."

பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டர் போல ஓடும். நாம் 'ஐயோ' சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது, செயினுக்கு நேர்கோட்டில் தலை இருக்கக் கூடாது.

புயலில் சாய்ந்த மரம் இன்னும் பொல்லாதது. படுத்திருந்தாலும் வில் மாதிரி விறைத்துக்கொண்டிருக்கும். இரண்டு முனையும் தாங்கியிருந்தால் மேலே நெருக்கும், கீழே இழுக்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு அடியிலிருந்து. ஒரு முனை அந்தரத்தில் இருந்தால் அப்படியே தலைகீழ். வேரோடு பெயர்ந்த மரத்தின் அடியை அறுத்ததும், வேர்க்கட்டை மண்ணோடு சடாரென்று எழுந்து நிற்கலாம். அந்தக் குழிக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடவே கூடாது.

தஞ்சாவூர் வீணை செய்கிறவர்கள் பண்ருட்டிப் பலாவைத் தேடி வருவார்கள். விறகு விலைக்குத் துண்டு போட்டுவிடலாம் என்றிருந்த மாமா, தாத்தாவின் மரங்களில் நல்லதாக மூன்று அடிமரங்களை நீளமாகவே விட்டார். பிளவு விழாமல், கோணாமல், நேராக அறுத்துக் கொடுத்தது அதே மிஷின்காரர். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் உட்கார்ந்து ஃபைல் போட்டார். தாத்தாவின் மரம் எந்தக் கச்சேரியில் ஒலிக்கிறதோ!

மாமா இப்போதும் மிஷினை இரவல் கேட்டால் கொடுப்பார். அரத்தையும் கையோடு கொடுத்து, "ஃபைல் போட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும்" என்பார். ஆபீஸில் ஃபைல் பெண்டிங் என்றால் மெமோதான் வரும். இங்கே பெண்டிங் வைத்தால் கன்னத்தில் கையெழுத்து!