ஹூக்ளித் துறைமுகம்

கடலினின்று ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உள்ளே, ஹூக்ளி நதிக்கரையில் அமைந்தது கொல்கத்தாத் துறைமுகம். கப்பல்கள் ஓதம் பெருகும் வேளை நோக்கியே ஆற்றில் ஏறும். மணல்மேடுகளை நன்கறிந்த வழிகாட்டிகளே அவற்றைச் செலுத்துவர். 1892-இல் திறக்கப்பெற்ற கிதர்ப்பூர்த் துறையில் யாம் கண்ட அடைப்புக் கதவுகள் நீரைத் தேக்குதலால், ஆறு வற்றினும் கப்பல்கள் தரைதட்டாமல் சரக்கிறக்கும்.

ஆயினும் நதி ஓயாது வண்டல் கொணர்கின்றது. அதனால் பெருங்கப்பல்களுக்கெனக் கடலுக்கு அணித்தாக ஹால்டியாத் துறை 1977-இல் எழுந்தது. வண்டலை அகற்றும்பொருட்டு, 1975 முதல் பரக்கா அணையினின்று கங்கைநீர் ஹூக்ளிக்குத் திருப்பப்படுகின்றது. அந்நீரையே கீழுள்ள வங்காளதேசத்து உழவரும் வேண்டினர். பூசல் வளர்ந்து, 1996-இல் இருநாடுகளும் பங்கீட்டு உடன்படிக்கை செய்துகொண்டன.

கலத்திற்கு வேண்டும் நீரே கழனிக்கும் வேண்டுமாயின், அளந்து கொடுத்தல் எளிதன்று. துறைமுகத்தின் செல்வத்தைப் புகழுமுன், அந்நீருக்குக் காத்திருக்கும் வயல்களையும் நினைத்தல் கற்றோர்க்குக் கடனென்று யாம் கருதுகின்றோம்.