தனிய நின்றவர்

"நீங்கள் வேதமோ, சைவமோ?"

யாழ்ப்பாணத்தில் இரண்டாவது சந்திப்பிலேயே கேட்கப்பட்டுவிடும் கேள்வி இது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. அண்மையில் பழைய நண்பர் ஒருவர் மீண்டும் கேட்டார். எழுதிச் சொல்கிறேன் என்றேன். அதுதான் இது.

நான் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கு வந்த பின்னர் ஞானஸ்நானம் பெற்றவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். வீட்டில் மாலைச் செபம் தவறியதில்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓர் ஆலமரம், அதன் அடியில் நட்ட ஒற்றைச் சூலம், அதுதான் வைரவர். வெள்ளிக்கிழமைகளில் பெரியவர் ஒருவர் அங்கே விளக்கேற்றுவார். அந்த இடத்தைத் திரும்பிப் பாராமல் கடக்கும்படி எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். வீட்டில் அதற்கு வழங்கிய பெயர் 'அஞ்ஞானம்'.

எட்டு வயதில், பள்ளித் தோழன் ஒருவன் வைரவருக்குச் சாத்திய வடைமாலையிலிருந்து ஒரு வடையைத் தந்தான். படைத்ததைத் தின்னக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒளித்துத் தின்றேன். அன்றிரவு தேவகோபத்தை எதிர்பார்த்து நெடுநேரம் விழித்திருந்தது நினைவிருக்கிறது. வடை நன்றாக இருந்ததும் நினைவிருக்கிறது.

'அஞ்ஞானி' என்ற சொல்லைப் பின்னாளில்தான் ஆராய்ந்தேன். சைவ சித்தாந்தத்தில் அஞ்ஞானம் என்பது உயிரின் அறியாமை. கிறிஸ்தவத் தமிழோ பிறமதத்தவன் தலையில் அந்தச் சொல்லைச் சுமத்தியது. ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. கிறிஸ்தவர் அல்லாதாரைக் குறித்த 'பகானுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு முதலில் நாட்டுப்புறத்தான் என்பதே பொருள். ஆங்கிலத்தில் அது 'பேகன்' ஆயிற்று. மயிலுக்குப் போர்வை ஈந்த நம் பேகனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஊரை விட்டுப் போகாதவன், ஊர்த் தெய்வத்தை விடாதவன் என்று அதற்குப் பொருள் கொண்டால் எனக்குச் சம்மதமே.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கி நடந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்துப் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். அப்பா, அம்மா, தங்கை, நான், ஒரு சைக்கிள். ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கினோம். கர்த்தர் எங்கும் இருக்கிறார், இங்கும் இருக்கிறார் என்று அம்மா ஒவ்வொரு மாலையும் சொல்லிச் செபித்தார். அந்த நம்பிக்கைதான் எங்களை ஆறு மாதம் தாங்கியது. அப்பா அங்கேயே காலமானபோதும் அதுதான் தாங்கியது. அதை நான் இன்றுவரை குறைத்துச் சொன்னதில்லை.

1996இன் நடுப்பகுதியில் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. ஒழுங்கையில் இடுப்பளவு பற்றை. ஆனால் ஆலமரத்தடி மட்டும் துப்புரவாக இருந்தது. சூலத்தின் முன் விளக்கெரிந்தது. முதல்நாள்தான் பெரியவர் வந்திருக்கிறார். தன் வீட்டுப் பக்கம் இன்னும் போகவில்லை.

"ஏன் அப்பு, முதலில் வீட்டைப் பார்த்திருக்கலாமே?" என்றேன்.

"அவர் இஞ்ச தனிய நிண்டவர், தம்பி. ஆறு மாசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை."

நான் விலகிய கணம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எங்கள் கர்த்தர் எங்களுடன் வந்தார். எங்கும் இருப்பவருக்கு எங்கள் ஒழுங்கை ஆயிரம் இடங்களில் ஓர் இடம். வைரவருக்கோ அதை விட்டால் வேறிடம் இல்லை. காக்கிற தெய்வத்தை அறிந்திருந்தேன். ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய தெய்வத்தை அன்றுதான் கண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய் கொண்டு போனேன். என்னை எவரும் எதை நம்புகிறாய் என்று கேட்கவில்லை. திரியைத் தூண்டச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்தில் மதம் மாறுவது புதிதல்ல. கிறிஸ்தவராயிருந்து சைவரானவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவருடைய மகனோ மீண்டும் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் சைவ நாயன்மார் பாடல்களை 1921இல் இன்னொருவருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தார். ஆனால் அவர்கள் ஒரு நூல்மரபிலிருந்து இன்னொரு நூல்மரபுக்குப் போனவர்கள். மரத்தடிச் சூலத்துக்கு நூல் இல்லை. மிஷனரிமாருக்கு அது அஞ்ஞானம். கற்ற சைவர்களுக்கு அது சிறுதெய்வம். இந்த ஒன்றில் இரு தரப்புக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

போர் முடிந்தபின் வெளிநாடுகளிலுள்ள ஊரவர்கள் பணம் அனுப்பினார்கள். சீமெந்துக் கோயில் எழுந்தது. குருக்கள் வந்து கும்பாபிஷேகம் செய்தார். கிளைகள் தறிக்கப்பட்டன. பெயர்ப்பலகையில் இப்போது 'ஞானவைரவர்' என்றிருக்கிறது. அஞ்ஞானமாயிருந்தவருக்கு ஞானம் வந்துவிட்டது. மகிழ்வதா, வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

அம்மா என்னோடு சண்டையிடவில்லை. ஒரே ஒரு முறை கேட்டார்: "நீ செத்தால் உன்னை எங்கே வைக்கிறது?" பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் சபையின் சேமக்காலையில் அப்பாவுக்கும் கல்லறை இல்லை. அவர் தென்மராட்சி மண்ணில் கிடக்கிறார். 2011இல் அம்மாவை அங்கே அடக்கம் செய்தோம். பாடல்களெல்லாம் எனக்கு மனப்பாடம், பாடினேன். திருவிருந்தில் மட்டும் எழுந்து போகவில்லை. தங்கை திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கென்று விட்ட இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதில் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் மரத்தடிக்குப் போகிறேன்.