யாருக்கு எந்த நிரை

அம்மாவுக்கு எப்போதும் மேட்டு நிரைதான். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பால் மரம் வெட்டிய நாளில், அடுத்த வீட்டு அத்தை தினமும் ஒரு வாளி கூடுதலாகக் கொண்டுவந்து ஸ்டோரில் நிறுப்பார். "அவளுக்குக் கைராசி" என்று லயமே பேசும். அம்மா பதில் சொல்ல மாட்டார். அத்தையின் நிரை ஓடையோரம், இளமரம். அம்மாவுடையது பட்டை தேய்ந்த கிழட்டு மரங்கள். விடியற்காலைப் பெரட்டில் நின்று நிரை பிரித்துக் கொடுத்த மண்டோர், அத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

மலாக்காவில் மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் நான், முதல் வகுப்பை இங்கேதான் தொடங்குகிறேன். பி-மதிப்பு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அதற்கு முன் மண்டோரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். இரண்டு வாளியை நிறுத்து எது கனம் என்று சொல்ல யாராலும் முடியும். கனம் கையால் வந்ததா மரத்தால் வந்ததா என்பதுதான் வழக்கு.

இதே வழக்கு நம் தட்டுச் சோற்றிலும் நடந்திருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி வந்து கால் வீங்கி, நெஞ்சடைத்துச் செத்தவர்களில் சீனத் தொழிலாளர்கள் ஏராளம். தமிழர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. நம் அலோர் காஜாவைத் தாண்டினால் வரும் நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி தின்றார்கள், தமிழர்கள் புழுங்கலரிசி. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்தார். நஞ்சு என்றது தவறு. தயமின் சத்து தவிட்டோடு போய்விடுவதுதான் காரணம், நெல்லை அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. ஆனால் அரிசியைச் சந்தேகித்தது சரி.

சரியானாலும் சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. தமிழனுக்கும் சீனனுக்கும் அரிசி மட்டுமா வேறு? செய்த வேலை, படுத்த இடம், குழம்பில் விழுந்த பருப்பு எல்லாமே வேறு. மேட்டு நிரையும் ஓடை நிரையும்போல.

கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் 1905 டிசம்பரில் செய்தது அந்த முடிச்சை அவிழ்க்கும் வேலை. நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண் போட்டார். ஒற்றைப்படைக்காரர்கள் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்காரர்கள் மேற்குக்கு, அவர்களுக்குப் புழுங்கல். மற்றச் சாப்பாடு ஒன்றே. குற்றம் கட்டடத்தில் இருக்குமோ என்று நடுவில் இரு பக்கத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசி தின்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் தின்ற 123 பேரில் ஒருவரும் இல்லை. அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும், நானும் அவசரப்படுத்துவதில்லை.

பி-மதிப்பை அதற்குப் பிறகு எடுப்பேன். அரிசிக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒவ்வொரு சாவும் வெள்ளை அரிசிப் பக்கம் விழவும் புழுங்கல் பக்கம் விழவும் ஏறக்குறைய சம வாய்ப்பு, காசு சுண்டுவதுபோல. பதினெட்டு முறை சுண்டிப் பதினெட்டும் தலையாக விழ வேண்டும். 2,62,144-இல் ஒரு முறை நடக்கலாம். பி-மதிப்பு என்பது இந்தச் சின்ன எண்தான்: சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டால் இப்படியோ இதைவிட மிஞ்சியோ ஒரு விளைவு வருவது எவ்வளவு அபூர்வம் என்ற கணக்கு. அரிசிதான் காரணம் என்பதற்கு இத்தனை சதவீதம் உறுதி என்று அது சொல்வதில்லை. பட்டம் வாங்கியவர்களும் இதில் வழுக்கி விழுகிறார்கள்.

அந்தப் பூச்சியத்தையும் விடமாட்டேன். 123 பேரில் யாரும் பெரிபெரியால் சாகவில்லை என்றால் ஆபத்தே இல்லையா? அப்படி இல்லை. ஒன்றும் நடக்காத இடத்தில் மூன்றை ஆள்தொகையால் வகுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். 3-ஐ 123-ஆல் வகுத்தால் 2.4 சதவீதம், உண்மையான ஆபத்து அதுவரைகூட இருக்கலாம். "பக்கவிளைவு ஒருவருக்கும் இல்லை" என்று மருந்துக் கம்பெனி விளம்பரம் வந்தால், எத்தனை பேரில் என்று கேட்கப் பழகியது இதனால்தான்.

பிளெட்சரின் முறையிலும் ஓட்டை உண்டு. ஒற்றை, இரட்டை என்று போனால் அடுத்தவர் எந்தப் பக்கம் என்பது பிரிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். மண்டோர் மறுபடி உள்ளே வந்துவிடுவார். லயத்துச் சீட்டில் இந்தத் தொல்லை இல்லை: பேர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, சுருட்டி, பால் மங்கில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். 1948-இல் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுக்கு பிராட்ஃபோர்ட் ஹில் செய்த ஏற்பாடும் இந்தச் சாதிதான். சீரற்ற எண்களால் பிரித்து, ஒட்டிய உறைகளில் ஒளித்துவைத்தார்.

உறை இருந்தால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு கிளினிக்கில் சர்க்கரைப் புண்ணுக்குப் பழைய கட்டா புதிய கட்டா என்று ஒப்பிட்டோம். முடிவில் புதிய கட்டு படுமோசம். கணினியைத் திட்டிவிட்டு, எல்லாரும் தாண்டிப் போகும் முதல் அட்டவணையைத் திறந்தேன். சேர்ந்த அன்றே புதிய கட்டுக்காரர்களின் புண்கள் பெரியவை. குலுக்கலில் தற்செயலாக இந்த அளவு சாயாது.

உறைகளைப் பிரித்த மூத்த நர்ஸ் மிஸியிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "உறைய லைட்டுல காட்டுனா எழுத்து தெரியும்மா. பாவம், அந்தப் பாட்டிக்கு எலும்பு தெரியுது. அதான் புது மருந்துப் பக்கம் போட்டேன்." அவர் இரக்கப்பட்டுத் தேர்ந்தெடுத்தவர்களெல்லாம் ஆறாத புண்காரர்கள், பழி புதிய கட்டின்மேல் விழுந்தது. புண்ணின் அளவைக் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டலாம். மிஸி பார்த்தது அளவை மட்டுமா? வீட்டில் கவனிக்க ஆளில்லாத முகத்தையும் பார்த்திருக்கிறார். அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. ஒன்றரை வருட வேலையைத் தூக்கிப் போட்டோம்.

அடுத்த ஆய்வுக்கு ஒவ்வொரு உறைக்குள்ளும் சமையல் அலுமினியத் தாளை மடித்துவைத்து ஒட்டினேன். உறைக் கட்டைக் கையில் வாங்கிய மிஸி, மேலே இருந்த உறையை எடுத்து ஜன்னல் பக்கம் போய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார், கொஞ்சம் வருத்தமாக.