பேகம்பூர் வீட்டுப் பூட்டுகள்

திண்டுக்கல் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தபடி இருக்கும் ஊர் பேகம்பூர். 1755இல் ஹைதர் அலி பவுஜ்தாராக வந்து ஆண்ட கோட்டை அது. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருப்பது இங்குள்ள பெரிய பள்ளிவாசலில். அந்த பேகத்தால்தான் ஊருக்கு இந்தப் பெயர். தோல் பதனிடும் தொழிலும் பிரியாணியும் பேகம்பூரை வெளியூர்களுக்கு அறிமுகம் செய்தன. நான் போனது பழைய வீட்டுச் சாமான்களைப் பார்க்க. முக்கியமாக, பூட்டுகளை.

பள்ளிவாசலுக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில், மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் வாழும் வீடு. திண்ணை, முற்றம், உள்ளறையில் தேக்கு அலமாரி, பக்கத்தில் தகர டிரங்குப் பெட்டி. வீட்டின் மூத்த அம்மா சாவிக்கொத்தை எடுத்து வந்தார்.

“இது வாசக் கதவுப் பூட்டு. எங்க மாமியா காலத்துது. பெருநாளுக்குச் சுடுற பலகாரத்தை எல்லாம் இந்த அலமாரியில வச்சுப் பூட்டிருவாங்க. பிள்ளைங்க கை படாது” என்றார்.

வாசல் பூட்டை வாங்கிப் பார்த்தேன். மாங்காய்ப் பூட்டு. மேலே அகன்று கீழே கூம்பி, பெயருக்கேற்ற வடிவம். உள்ளங்கை நிறையும் கனம். சாவியைப் போட்டுத் திருப்பியதும் தடங்கலில்லாமல் கொண்டி விடுபட்டது. வாரம் தவறாமல் புழங்கும் பூட்டு என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. அலமாரிப் பூட்டுக்கு மட்டும் சாவி தொலைந்துபோயிருந்தது. “இதுக்கு ஒரு சாவி போட்டுத் தர ஆளு கிடைப்பாங்களா தம்பி?” என்று கேட்டார். அந்தப் பூட்டை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு நாகல் நகர்ப் பக்கம் கிளம்பினேன்.

அங்கே ஒரு வீட்டின் முன்கட்டில்தான் பட்டறை. இரண்டு வைஸ், சுவரில் வரிசையாக அரங்கள், தரையில் வெட்டிய தகடுகள், ஒரு டப்பா நிறையப் பித்தளை லீவர்கள். அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சாவியை வைஸில் கவ்வவிட்டு அரம் போட்டுக்கொண்டிருந்தார். பூட்டை வாங்கி, கொண்டியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார்.

“ஆறு லீவர். கையால செஞ்சது. பிரிச்சுத்தான் பார்க்கணும்.”

ரிவிட்டைத் தட்டி எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காடி, ஒவ்வொன்றையும் கீழே அழுத்தும் ஒரு ஸ்பிரிங். சாவியின் பற்கள் அந்த லீவர்களை வெவ்வேறு உயரத்துக்குத் தூக்குகின்றன. ஆறு காடிகளும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான், தாழின் முளை அவற்றுக்குள் நுழைந்து நகரும். ஒரு லீவர் தலைமுடி அளவு தாழ்ந்தாலும் வழி அடைபடும். கொஞ்சம் உயர்ந்தாலும் அதே கதி. கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காத இந்த அமைப்புக்கு, 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்றார். 1818இல் ஜெரமையா சப், கள்ளச்சாவி போட்டால் காட்டிக்கொடுக்கும் பூட்டாக அதை வளர்த்தார். 1851 லண்டன் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதையும் திறந்து காட்டியது பெரிய பரபரப்பானது. அந்த நீண்ட போட்டியில் தேறிய நுட்பத்தை, திண்டுக்கல் பட்டறைகளில் அரமும் கண்ணும் மட்டும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

பெரியவர் லீவர்களை வரிசை மாறாமல் எடுத்துத் துணியில் பரப்பினார். ஸ்பிரிங் ஒன்று துருப்பிடித்து ஒடிந்திருந்தது. வேறு கம்பி வளைத்துப் பொருத்தினார். பிறகு பல் வெட்டாத சாவி ஒன்றை எடுத்து, பல்லுக்குப் பல் அளந்து ராவத் தொடங்கினார். இரண்டு இழுப்பு, பூட்டில் போட்டுப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. அளவுகோல் எதையும் அவர் தொடவில்லை. இப்படி ஒவ்வொரு சாவிக்கும் தனியாக அரம் போடுவதால்தான் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேருவதில்லை.

“மணிப் பூட்டு செஞ்சிருக்கீங்களா ஐயா?”

“நெறைய. சாவியத் திருப்புறப்பல்லாம் உள்ள மணி அடிக்கும். கடைக்காரங்க விரும்பி வாங்குவாங்க. இப்ப கேக்க ஆளில்ல.”

கள்ளச்சாவி போடுகிறவன் கையைப் பதம்பார்க்கும் கத்தியை உள்ளே ஒளித்த ‘கொலைகாரப் பூட்டு’ம் இந்த ஊர்க் கற்பனைதான். கோயில் உண்டியல், கிட்டங்கி, பெட்டகம் என்று திண்டுக்கல் பூட்டு தொங்காத இடம் தமிழ்நாட்டில் குறைவாக இருந்த காலம் உண்டு. அலிகாரின் இயந்திரப் பூட்டுகள் குறைந்த விலையில் வந்து குவிந்ததும் அந்தக் காலம் போயிற்று. அச்சில் வார்த்த பூட்டு நிமிடத்துக்குப் பல வெளியே வரும். ஆறு லீவர் பூட்டை ஒருவர் உட்கார்ந்து ராவினால் பொழுது போய்விடும். இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்டால் கைத்தொழில் எப்படி நிற்கும்? இந்தப் பட்டறையில் கூலி, செய்து முடித்த எண்ணிக்கைக்குத்தான். பெரியவரின் மகன் பீரோ செய்யும் கம்பெனிக்குப் போகிறார். பேரன் இந்தப் பக்கமே வருவதில்லை.

பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்ததன் பேரில் 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் இதே மாவட்டத்தின் பழனிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் அந்தச் சிறப்பைப் பெற்றன. பெயரைக் காக்க அது உதவும். ஆனால் அரம் பிடிக்க அடுத்த கை வேண்டுமென்றால் அந்தக் கைக்குக் கட்டுப்படியாகும் கூலி வேண்டும். அந்தக் கூலியை, பூட்டு வாங்குகிற நாம்தான் தர முடியும்.

பழம்பொருள்மேல் இன்று நகரத்து வீடுகளுக்கு ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பூட்டுகளைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து, வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறார்கள். அந்தக் காசில் ஒரு பங்கு கூட, அதைச் செய்யத் தெரிந்து இன்றும் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் போவதில்லை. பூட்டு செய்யப்பட்டது பூட்டுவதற்காக. சாவி இல்லாமல் சுவரில் தொங்கினால் அது பாதிப் பூட்டுதான்.

பெரியவர் சாவியைப் போட்டுத் திருப்பினார். திறந்தது. மூன்று முறை பூட்டித் திறந்த பிறகே என்னிடம் கொடுத்தார். “தேங்கா எண்ண, சமையல் எண்ண எதுவும் ஊத்தச் சொல்லாதீங்க. பிசுக்கு ஏறி ஸ்பிரிங் ஒட்டிக்கிரும். பென்சில் கரியத் தூளாக்கிச் சாவித் துவாரத்துல போட்டாப் போதும்” என்றார். புளி போட்டுத் தேய்ப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே ஈரம் போகக் கூடாது என்றும் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பூட்டு கிடக்கலாம். பழைய இரும்புக்கு எடை போட்டு விடாதீர்கள். திண்டுக்கல்லுக்கு எடுத்து வாருங்கள். பிரித்துப் பார்த்துச் சாவி போட்டுத் தர இன்னும் ஆள் இருக்கிறார்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் ஒரு கதவுக்காவது கையால் செய்த பூட்டை, செய்தவர் பட்டறைக்கே போய்ச் சொல்லி வாங்குங்கள். வேலை வந்துகொண்டிருந்தால் அந்தப் பேரனும் அரத்தைக் கையில் எடுப்பான்.