சொல்லப்படாத வலி



எங்கள் ராத்தாவின் சம்மதத்தோடு இதனை எழுதுகிறோம். இரண்டாம் பிரசவத்திற்குப் பின் நான்கு ஆண்டுகள் அவர் அடிவயிற்று வலியோடு வாழ்ந்தார். நெடுநேரம் அமர இயலாது, அடிக்கடி சிறுநீர் முட்டும், மலச்சிக்கல் ஓயாது. தாம்பத்தியம் அச்சம் தருவதாயிற்று. பரிசோதனைகளில் குறையேதும் தென்படாததால், மனக்கவலை என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் சிலர். துஆச் செய்தோம், மருந்துகளும் மாறின, வலி மாறவில்லை. கணவரிடமும் முழுமையாகச் சொல்ல நாணி, அவர் தனியே அழுததை நாங்கள் பின்னரே அறிந்தோம்.

இறுதியில் ஒரு பெண் மருத்துவர் காரணத்தைக் கண்டறிந்தார். இடுப்புக்கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை, தூளியைப் போலத் தசைகள் விரிந்துள்ளன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குபவை அவையே. தேவையான வேளையில் அவை தளரவும் வேண்டும். ராத்தாவுக்கு அவை எந்நேரமும் இறுகியே இருந்தன. நாள் முழுதும் மூடி வைத்த கைமுட்டி வலிக்காதிருக்குமா?

பிரசவித்த பெண்களுக்குப் பலரும் பரிந்துரைக்கும் கெகல் பயிற்சியை அவரும் செய்துவந்தார். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் வெளியிட்ட அப்பயிற்சி, தளர்ந்த தசைகளை வலுப்படுத்துவதற்கானது. இறுகிய தசைகளை மேலும் இறுக்கினால் வலி கூடக்கூடும். எனவே அதனை நிறுத்தச் சொன்னார்கள்.

கருப்பை உட்படலம் வெளியே வளரும் நோய், கிருமித்தொற்று முதலியன இல்லையென உறுதி செய்தபின், பெண் இயன்முறை மருத்துவர் ஒருவர் சிகிச்சையைத் தொடங்கினார். வயிறு விரிய மெல்ல மூச்சிழுத்தல் முதற்பாடம். அப்போது இத்தசைகளும் இயல்பாகக் கீழிறங்கித் தளரும். முழங்கால்களை மார்போடு அணைத்துப் படுத்தல், வெந்நீர் ஒத்தடம், மலச்சிக்கல் நீங்க நார்ச்சத்துணவும் தண்ணீரும் அடுத்தவை. பின்னர் அவருடைய இசைவைப் பெற்று, கையுறையணிந்த விரலால் உட்தசைகளை மென்மையாக அழுத்தித் தளர்த்தினார். வலி ஒரே நாளில் நீங்கவில்லை; மாதங்கள் சென்றன. இன்று அவர் வலியின்றி அமர்ந்து குர்ஆன் ஓதுகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

நாணம் ஈமானின் ஒரு பகுதி. ஆயினும் அது சிகிச்சைக்குத் தடையன்று. மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள், தமது தொழுகை குறித்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழலாம் என்ற சலுகை அக்கேள்வியால் நமக்கெல்லாம் கிடைத்தது. மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவு மட்டும் மறைவிடத்தைக் காட்டுவதையும் மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர்.

சகோதரிகளே, மாதக்கணக்கில் நீடிக்கும் வலியைப் பெண்ணின் தலைவிதியென்று பொறுத்திருக்க வேண்டாம். சகோதரர்களே, மனைவி விலகினால் அதனை வெறுப்பென்று எண்ணுமுன், வலிக்கிறதா என்று கனிவோடு கேளுங்கள். மாமியார்களே, மருமகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் முதற்கரம் உங்களுடையதாகட்டும். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.