துருவை மூடலாகாது

டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் ஆலைகளால் வாகன நகரமாகிவிட்ட ஓசூரில், மலைமேல் மரகதாம்பிகையுடன் சந்திரசூடேஸ்வரர் எழுந்தருளியுள்ளார். அந்நகரத்துப் பெயிண்டிங் பட்டறைகளில் பெரியோர் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

காரில் கீறல் விழுந்தால், அதே நிறத்தைப் பூசி மறைத்துவிடலாம் என்றே பலரும் எண்ணுவர். தொழிலாளியோ முதலில் நகத்தால் வருடிப் பார்ப்பார். நகம் இடறாவிடில் மெருகேற்றினாலே போதும். காரின் வண்ணப்பூச்சு முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம்தான். அதைக் கடந்து தகடு தெரிந்தால், உப்புத்தாளால் அவ்விடத்தை இன்னும் அகலத் தேய்ப்பார். துரு அறவே நீங்கிய பின்னரே பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர், வண்ணம், கிளியர் கோட் என முறையாக ஏற்றுவார். துருவின்மேல் பூசிய வண்ணம் நாளடைவில் கொப்புளித்து உரிந்துவிடும்.

மகனோடு ஒரு சொல்லால் நேர்ந்த கசப்பைப் பண்டிகைப் புன்னகையால் மூடிவைக்கும் இல்லங்கள் எத்தனை! உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கிறது. மனம் நொந்ததை வாய்விட்டுச் சொல்லும்போது வலி சற்று மிகும். ஆயினும் அதன் பிறகே உறவு பற்றிக்கொள்ளும். வயதில் மூத்தவரே முதலில் பேசுதல் அழகு.

தக்கன் சாபத்தால் தேய்ந்த சந்திரனை ஈசன் மறைத்து வைக்கவில்லை. குறையோடே சடையில் சூடிக் காத்தருளினார். சந்திரசூடர் என்னும் திருநாமமே அதற்குச் சான்று.