புடாபெஸ்டில் முளைத்த எலிமுடி

புடாபெஸ்டுக்குப் போகிறவர்கள் டான்யூப் நதியையும் அதன் கரையிலுள்ள நாடாளுமன்றத்தையும் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், குறை வைக்கவில்லை. ஆனால் அந்த ஊர்மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் ஓர் எலியின் முதுகு.

1960இல் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் முதல் லேசரை உருவாக்கினார். செயற்கை மாணிக்கக் கல்லில் பிறந்த சிவப்பு ஒளி அது. சில ஆண்டுகளில் பாஸ்டனில் மக்கஃப் என்ற ஆய்வாளர் அந்த ஒளியால் விலங்குகளின் புற்றுக்கட்டிகளைச் சுட்டழிக்க முயன்றார். புடாபெஸ்டில் எண்ட்ரே மெஷ்டர் என்ற அறுவை மருத்துவர் 1967 வாக்கில் தம் எலிகள்மீது அதே வகை லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். அவர் கையில் இருந்த கருவிக்குச் சக்தி மிகக் குறைவு. கட்டியை அழிக்கத்தான் முயன்றார் என்று சிலர் சொல்கிறார்கள். லேசரால் புற்று வருமா என்று சோதித்தார் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். எப்படியிருந்தாலும் அவர் தேடியது ஒன்று, கண்டது வேறொன்று. ஒளி பட்ட எலிகளின் மழித்த முதுகில் முடி வேகமாக வளர்ந்தது. பிறகு புண்களும் விரைந்து ஆறுவதைக் கவனித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் நாள்பட்ட தோல் புண்ணோடு வந்த மனிதர்களுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்.

வலுவான லேசர் கிடைத்திருந்தால் மெஷ்டர் சுட்ட தோலை மட்டும்தான் பார்த்திருப்பார்! அந்த ஓட்டைக் கருவிக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் இன்று செம்மல்வைஸ் என்ற மருத்துவரின் பெயரைத் தாங்குகிறது. புடா பக்கம், கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் செம்மல்வைஸ் பிறந்த வீடு மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1847இல் வியன்னாவில், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று சொன்னவர் அவர். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில், தொற்று ஏறிய புண்ணாலேயே அவர் இறந்தார். அவருடைய எலும்புகள் இப்போது அந்த வீட்டு முற்றத்துச் சுவரில் அடக்கமாகியிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் சாய்ந்து நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றின் மறுகரையில் பெரிய மார்க்கெட். இரும்புத் தூண்களுக்குக் கீழே பாப்ரிகா மிளகாய்ச் சரங்கள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. நம் குண்டூர் மிளகாயை எதிர்பார்த்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். காரமே இல்லை, இனிப்பு. இதே மிளகாயிலிருந்துதான் செகெட் நகரில் ஆல்பர்ட் செண்ட் ஜியோர்ஜி கிலோக் கணக்கில் வைட்டமின் சி பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசு. ஒருநாள் மனைவி இரவுச் சாப்பாட்டுக்கு வைத்த மிளகாயைத் தின்னப் பிடிக்காமல் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போனதாக அவரே சொல்லியிருக்கிறார். வைட்டமின் சி இல்லாவிட்டால் உடல் ஒழுங்கான கொலாஜன் நெய்யாது, புண் மூடாது. கை கழுவச் சொன்னவர், மிளகாயைப் பிழிந்தவர், ஒளியைப் பாய்ச்சியவர் என்று புண்ணோடு தொடர்புள்ளவர்களாக ஒரே பயணத்தில் எனக்கு அகப்பட்டார்கள்.

மெஷ்டரின் ஒளியை இன்று எப்படிப் பாய்ச்சுகிறார்கள் என்று பார்க்க, பிசியோதெரபிஸ்டாக இருக்கும் தோழி ஒருத்தி தன் சிகிச்சை அறைக்குள் என்னை அனுமதித்தாள். கணுக்காலுக்கு மேல் சிரைப்புண்ணோடு ஒரு பாட்டி. எங்கள் மூவருக்கும் நிறக் கண்ணாடி. லேசர் நேரே கண்ணுக்குள் போனால் விழித்திரை போச்சு. பேனா தடிமன் உள்ள முனையைத் தோழி புண்ணின் விளிம்பில் வைத்தாள். 100 மில்லிவாட். 40 நொடிக்குப் பின் ஒரு ‘பீப்’. அந்த இடத்தில் நாலு ஜூல் இறங்கியாயிற்று. ஒரு விரல் தள்ளி அடுத்த இடம். சூடு, வலி ஒன்றும் இல்லை. பாட்டி பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

உள்ளே நடப்பதற்குப் பலரும் ஒப்பும் விளக்கம் இது. சிவப்பும் அகச்சிவப்பும் தோலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும். கைபேசி டார்ச்சின் மேல் விரலை வைத்தால் விரல் சிவந்து ஒளிர்வது அதனால்தான். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி அந்த ஒளியை உறிஞ்சுகிறது. களைத்த செல்லில் அந்த நொதியை நைட்ரிக் ஆக்சைடு அடைத்துக்கொண்டிருக்கும். ஒளி அதை விலக்கிவிட, செல்லுக்கு எரிபொருளான ஏடிபி மறுபடி உருவாகிறது. இந்த நொதியைச் சுட்டிக்காட்டியவர் டீனா காரு என்ற ஆய்வாளர். விந்தை என்னவென்றால், ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் பலன் கூடாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஆறுவதே தடைபடும். அளவுக்கு மிஞ்சினால் என்று நம் வீட்டில் சொல்வதேதான்.

எல்லாப் புண்ணுக்கும் இது பலிக்கிறதா? இல்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களின் வாய்ப்புண்ணைத் தடுக்க இதைப் பரிந்துரைக்கும் சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதன் உறுதியான வெற்றி அதுதான். நீரிழிவுப் புண், சிரைப்புண் விஷயத்தில் ஆய்வு முடிவுகள் கலவையாகவே வருகின்றன. தோழியும் லேசரை ஓரம் வைத்துவிட்டு, பாட்டியின் காலில் விரலிலிருந்து முழங்கால்வரை அழுத்தக் கட்டு போடத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். சிரைப்புண்ணுக்கு முதல் வைத்தியம் அந்தக் கட்டு.

வீட்டிலேயே பாய்ச்சிக்கொள்ளும் சிவப்பு விளக்குகள் இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டேன்.

“எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட், எவ்வளவு நேரம்னு விற்கிறவங்ககிட்ட கேளுங்க,” என்றாள். “மூணுக்கும் பதில் வந்தா எனக்கு எழுதுங்க. இதுவரைக்கும் யாரும் எழுதலை.”